கரகம் குடிவிட்ட குளம்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் அந்த வருடம் முழுக்க ஜாம் போத்தல்கள் வரிசையாக நின்றன. எதிலும் ஜாம் இல்லை. கல்குவாரியிலிருந்து அள்ளி வந்த சேற்றுத் தண்ணீர் இருந்தது. ஒவ்வொரு போத்தலின் கழுத்திலும் காகிதம் ஒட்டி, எத்தனை மணிக்கு வைத்தேன் என்று எழுதியிருந்தேன். மேலே எவ்வளவு தெளிந்திருக்கிறது, கீழே எவ்வளவு மண் படிந்திருக்கிறது என்று காலையிலும் மாலையிலும் அடிமட்டம் வைத்து அளப்பேன். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் முதுகைத் திருப்பினால் நாற்காலியில் ஏறி ஒரு போத்தலைக் குலுக்கிவிடுவாள். ஒரு நாள் முழுக்கப் படிந்த மண் ஒரு நொடியில் கலங்கிப்போகும்.

"அம்மா, டீ" என்று காட்டுவாள். திட்ட வாய் வராது. பார்க்க அப்படித்தான் இருக்கும், பால் ஊற்றிய தேத்தண்ணி மாதிரி.

நான் ஹட்டனில் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பாதையோர மதகு, மண்சரிவுக்குத் தாங்குசுவர், இப்படியான வரைபடங்கள்தான் எங்களுக்கு அதிகம் வரும். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே உள்ள கல்குவாரிக்கு ஒரு வண்டல் குளம் வேண்டும் என்று வேலை வந்தபோது, அலுவலகத்தை நடத்தும் சேர் அதை என் மேசையில் வைத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"உங்கட தோட்டம்தானே பிள்ளை. இடமும் சனமும் உமக்குத்தான் தெரியும்" என்றார்.

தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

குவாரியில் கல் உடைக்கிறார்கள். மேல்மண்ணை வழித்துக் குவிக்கிறார்கள். மழை பெய்தால் செம்மண்ணும் கல்தூளும் சேர்ந்து எங்கள் ஓடையில் இறங்கும். அந்த ஓடையிலிருந்துதான் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பீலி வருகிறது. குழாய் வழியாக இடைவிடாமல் கொட்டும் அந்தத் தண்ணீரில்தான் எல்லாரும் குளிப்பது, துவைப்பது, குடிக்கப் பிடிப்பது. அதே ஓடையிலிருந்து இன்னொரு குழாய் பிள்ளைக் காம்பராவின் தண்ணீர்த் தாங்கிக்குப் போகிறது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. நானும் என் மகளை அங்கேதான் விடுகிறேன். எல்லாமாகப் பதினான்கு பிள்ளைகள். அவர்களுக்குப் பால்மா கரைப்பதும் வாய் கழுவிவிடுவதும் அந்தத் தாங்கித் தண்ணீரில்தான். ஆகவே சேர் என் மேசையில் வைத்த காகிதம் எனக்கு வெறும் காகிதமாக இருக்கவில்லை.

வண்டல் குளத்தின் வேலை எளிமையானது. மழைத் தண்ணீரை நிறுத்தி வைக்க வேண்டும். மண் கீழே போகும்வரை காத்திருந்து, தெளிந்த மேல்தண்ணீரை மட்டும் மெதுவாக வெளியே விட வேண்டும். அதற்காகக் குளத்தின் நடுவில் ஒரு மிதவை. வெள்ளை பிவிசி குழாய்களைச் சட்டம் போல இணைத்து, அதன் அடியில் தண்ணீர் நுழைய ஒரு சின்ன வாய். தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறும், இறங்கினால் இறங்கும். எப்போதும் மேல்தண்ணீரையே குடித்து, கரைக்குள்ளால் போகும் குழாய் வழியாக ஓடைக்கு அனுப்பும்.

அந்த வாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்தான் என் நிம்மதி போனது. பெரிதாக வைத்தால் மண் படியும் முன்பே தண்ணீர் போய்விடும். சிறிதாக வைத்தால் குளம் வடிவதற்குள் அடுத்த மழை வந்து நிரப்பிவிடும். படித்த புத்தகத்தில் இருந்த கணக்கு எங்கோ வெயில் ஊருக்கானது. குளிர்ந்த தண்ணீரில் மண் இன்னும் மெதுவாகத்தான் இறங்கும். எங்கள் சமையலறைக் குளிரில் போத்தல்கள் தெளிய மூன்று நாள் பிடித்தது. மகள் குலுக்கியதால்தான் தாமதமோ என்று சந்தேகம் வந்து, அவள் எட்டாத அலுமாரி மேல் வைத்து மறுபடி பார்த்தேன். மூன்று நாள்தான். கடைசியில் அந்த வாய் என் மகளின் வளையல் அளவுக்கு வந்தது. வளையலைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, கணக்கை இன்னொரு முறை போட்டேன்.

தை மாதத்தில் குளம் வேலை செய்யத் தொடங்கியது. சித்திரையில் பின்னேர மழை வந்தபோது பீலித் தண்ணீர் கலங்கவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "என்னா எஞ்சினியரம்மா, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. இனிமே பீலியப் பாத்தே பொட்டு வச்சிக்கலாம் போல." எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்தாலும் வாளியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்காமல் வரவில்லை.

பிறகு மாரியம்மன் திருவிழா வந்தது.

எங்கள் தோட்டத் தலைவர் எனக்குச் சித்தப்பா முறை. கொடியேற்றி மூன்றாம் நாள் வீட்டு வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார், ஆனால் உள்ளே வரவில்லை.

"புள்ள, ஒரு வெசயம்."

"சொல்லுங்க சித்தப்பா."

"கரகம் குடிவிடுற கெடங்குல கல்லுத்தூளு ரொம்பிப் போச்சு. கணுக்கால் தண்ணி கூட இல்ல. அதுல அம்மன விட்டா நாய் வந்து மோந்து பாத்துட்டுப் போகும். மேல ஒங் கொளத்துல விடலாமான்னு சனம் கேக்குது."

பூவும் வேப்பிலையும் சுற்றிக் கோபுரம் போல் கட்டிய கரகத்தைத் திருவிழாவின் கடைசி நாளில் தண்ணீரில் விட்டு அம்மனை வழியனுப்புவதைத்தான் நாங்கள் குடிவிடுவது என்போம். தலைமுறையாக ஓடையில் ஆழமான பள்ளமாக இருந்த கிடங்கில்தான் விட்டார்கள். இரண்டு வருட மழையில் குவாரியின் தூள் அந்தக் கிடங்கை மூடிவிட்டது. அதைத் தடுக்கத்தான் என் குளம். ஆனால் கிடங்கு மூடிய பிறகுதான் குளம் வந்தது.

"அது சேத்துக் கொளம் சித்தப்பா" என்றேன்.

"நீதான மேல்தண்ணி சுத்தம்னு சொன்ன. பெரட்டுக் களத்துல எல்லாரையும் நிக்க வச்சு வெளக்குனியே. நாங்கூட கைதட்டுனேன்."

சொன்னது உண்மை. ஒரு நாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் நேரத்தில் ஒரு ஜாம் போத்தலைத் தூக்கிக் காட்டி விளக்கியிருந்தேன். இப்போது அவர் பதிலுக்காக நின்றார். நான் யோசித்தேன். யாராவது வழுக்கி விழுந்தால்? கரையில் நெரிசல் ஏற்பட்டால்? பிள்ளைகள் வேலிக்குள் வந்துவிட்டால்? தேங்காயெண்ணெய் தண்ணீரில் பட்டால்? இத்தனைக்கும் பயந்தேன். பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படவில்லை.

"யாரும் தண்ணிக்குள்ள எறங்கக் கூடாது. கரையில இருந்தே விடணும். புள்ளைங்கள வேலிக்கு உள்ள விடாதீங்க" என்றேன்.

"அவ்ளோதானே? எஞ்சினியரே உத்தரவு குடுத்தாச்சு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

குவாரி சுப்பவைசர் சிங்களவர். நல்ல மனிதர். கேட்டவுடன் கேட்டைத் திறந்துவிடுவதாகச் சொன்னார். திருவிழாவுக்கு ஜெனரேட்டர் கொடுத்தார். கயிறும் கொடுத்தார். எந்தக் கயிறு என்று எனக்குத் தேர் வரும்போதுதான் தெரிந்தது.

எங்கள் பாதை செங்குத்தானது. தேரை முன்னால் இழுக்க ஆள் வேண்டியதைவிட, இறக்கத்தில் ஓடிவிடாமல் பின்னால் பிடிக்கத்தான் ஆள் அதிகம் வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்கள் உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரு நீல நைலோன் கயிற்றைப் பிடித்து வந்தார்கள். கயிற்றில் ஒவ்வொரு மீற்றருக்கும் சிவப்புத் துணி முடிச்சு இருந்தது. அந்த முடிச்சுகளைப் போட்டவள் நான். மிதவையில் ஏதாவது அடைத்தால் கரைக்கு இழுத்துத் துப்புரவு செய்வதற்காகக் கட்டிய கயிறு அது. எப்போதும் கட்டியிருக்க வேண்டும் என்று வரைபடத்தின் ஓரத்தில் எழுதியும் இருந்தேன்.

மகள் என் இடுப்பில் இருந்தாள். சுப்பவைசர் தேருக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றார். நான் கயிற்றைக் காட்டினேன்.

"அனே மிஸ், கோயில் வேலைக்குத்தானே" என்றார். "நாளைக்கு நானே கட்டுறது. பயம் வேணாம்."

தேர் சரிவில் நின்றது. கயிற்றை விடச் சொல்ல முடியுமா? நாளைக்குத்தானே என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மஞ்சள் நீராட்டு முடிந்து பின்னேரம் கரகத்தோடு குளத்துக்கு ஏறினோம். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசி நாளில் வீட்டுக்கு ஒரு மாலை அம்மனுக்குப் போட வேண்டும். அம்மனுக்குப் போட்டதைத் தரையில் எறியக்கூடாது, வீட்டுக்கும் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. எல்லாம் கரகத்தோடு தண்ணீருக்குத்தான் போக வேண்டும். மூன்று லயத்து மாலைகளும் இரண்டு கூடையில் வந்தன. அவற்றுள் என் மகள் பெயரில் நான் கட்டிய செவ்வந்தி மாலையும் இருந்தது. நூல் அறுந்துவிடக் கூடாது என்று இரட்டையாக முறுக்கிக் கட்டியிருந்தேன்.

கரகம் தண்ணீரில் இறங்கியபோது எல்லாரும் குலவையிட்டார்கள். நான் கரையின் ஓரத்தையும் பிள்ளைகளின் கால்களையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் விழவில்லை. அன்று எல்லாம் நல்லபடி முடிந்தது என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

அடுத்த இரண்டு நாள் மகளுக்குக் காய்ச்சல். குளத்துப் பக்கம் போகவில்லை. கயிறு கட்டியாயிற்றா என்று கேட்க சுப்பவைசருக்குப் போன் எடுத்தேன். கயிறு கோயில் சாமான் அறையில் இருப்பதாகவும், சாவி பூசாரியிடம் இருப்பதாகவும், பூசாரி கந்தப்பளையில் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகவும் சொன்னார். வானம் அந்த இரண்டு நாளும் வெளுத்துத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் விடியலிலேயே மழை பிடித்தது. மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். நோர்வூட்டை நெருங்கும்போது காம்பரா அக்கா போன் எடுத்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

"தங்கச்சி, டாங்கியில தண்ணி ஒரு மாதிரி வருது. பழையபடி ஆயிருச்சா?"

"தாங்கிக்கு வர்ற பைப்ப அடைங்க அக்கா."

"எதால அடைக்கிறது?"

"ஏதாச்சும் துணிய வச்சு அடைங்க. இப்பவே."

நோர்வூட்டில் இறங்கி ஆட்டோ பிடித்துக் குவாரிக்கு ஏறினேன். குளத்துக் கரையில் சுப்பவைசரும் இரண்டு தொழிலாளர்களும் சாக்குத் தலைப்பாகையோடு நின்றார்கள். குளம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. நடுவில் மிதவை தெரியவில்லை. இருந்த இடத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்குவியல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

மேல்தண்ணீரைக் குடிக்கும்படி நான்தான் அதை வடிவமைத்தேன். மிதப்பதெல்லாம் மேலேதான் மிதக்கும். குளம் முழுவதும் பரவிய பூக்களை அது அன்றிரவே மெதுவாகத் தன்னிடம் இழுத்திருக்கிறது. இலைகளை மனதில் வைத்து வாய்க்கு முன்னால் ஒரு கம்பி வலை போட்டிருந்தேன். கிரேவிலியா இலை, தேயிலைச் சருகு, சுள்ளி எல்லாம் என் கணக்கில் இருந்தன. மாலை கட்டும் நூல் இருக்கவில்லை. நூல் வலைக்குள் நுழைந்து, சுற்றி, வேப்பிலையையும் பூவையும் இழுத்து வாயைத் தைத்ததுபோல் மூடிவிட்டது. தண்ணீர் இரண்டு நாளாகத் துளியும் வடியவில்லை. காலியாக இருக்க வேண்டிய குளத்தில் புதிய மழை வந்து இறங்கியிருக்கிறது.

கரை உடையாமல் இருக்க ஒரு பக்கத்தில் கல் பதித்த வழிவாய் வைத்திருந்தேன். அதன் வழியாகச் சேறு ஓடையில் விழும் சத்தம் கேட்டது.

"மிஸ், அடி வால்வ் தொறக்கவா?" என்றார் சுப்பவைசர். "தண்ணி கொறையும்தானே."

அடி வால்வு கோடையில் சேறு அள்ளுவதற்கானது. அதைத் திறந்தால் தை மாதத்திலிருந்து படிந்த அத்தனை மண்ணும் ஓடையில் இறங்கும். திறக்காவிட்டால் இன்றைய மழையின் சேறு போய்க்கொண்டே இருக்கும்.

"வேணாம்" என்றேன். உடனே, திறந்திருக்க வேண்டுமோ என்று தோன்றியது. இன்றுவரை தோன்றுகிறது.

மூங்கில் கழியால் எட்டிப் பார்த்தார்கள். எட்டவில்லை. இரண்டு கழியைச் சேர்த்துக் கட்டினார்கள். பாதியில் வளைந்து தண்ணீரில் விழுந்தது. ஒரு தொழிலாளி சட்டையைக் கழற்றினார்.

"நான் நீந்திப் போயி பிச்சிப் போடுறேங்க."

"கீழ கழுத்தளவு சேறு இருக்கு. இறங்காதீங்க அண்ணே."

"அம்மன் பூவுதானேங்க. ஒண்ணும் செய்யாது."

"இறங்க வேணாம்" என்று கத்திவிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு நாலு பேரும் நின்று பார்த்தோம். மழை விடும்வரை செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. கயிறு ஒரு மைல் கீழே பூட்டிய அறைக்குள் இருந்தது.

பதினொரு மணி போல் பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கினேன். அக்கா ஒரு பிள்ளையின் துண்டைச் சுருட்டிக் குழாய் வாயை அடைத்திருந்தார். தாங்கியைத் திறந்து பார்த்தேன். எங்கள் ஜன்னல் போத்தல்களின் நிறம்.

"பத்து மணிப் பால பைப்ப அடைக்கிறதுக்கு முந்தியே கரைச்சிட்டேன் தங்கச்சி" என்றார் அக்கா. "லேசா கலங்கித்தான் இருந்துச்சு. நல்லா கொதிக்க வச்சுத்தான் குடுத்தேன். கொதிச்சா சரிதானே?"

கொதித்தால் கிருமி சாகும். கல்தூள் எங்கும் போகாது. அந்தத் தூளில் வேறு என்ன இருக்கிறது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. அக்காவின் கண்கள் என் முகத்திலேயே இருந்தன. மகள் ஓடிவந்து என் நனைந்த பாவாடையைப் பிடித்தாள். அவள் மேலுதட்டில் பால் காய்ந்திருந்தது.

"சரிதான் அக்கா" என்றேன்.

அடுத்த இரண்டு நாளில் நாலு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரால்தானா, திருவிழாப் பலகாரத்தாலா என்று டிஸ்பென்சரியில் சொல்ல முடியவில்லை. நாலு பேரும் தேறினார்கள். என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாய்மாரைப் பாதையில் காணும்போது அதை எப்படி மறைப்பது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொள்வேன்.

பூசாரி வந்து, அறை திறந்து, கயிறு மேலே போய், மிதவையைக் கரைக்கு இழுத்தபோது நான் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து நூல்களை வெட்டினேன். செவ்வந்திக் காம்புகளோடு இரட்டையாக முறுக்கிய நூல் ஒன்று வாயின் உள்ளே வரை போயிருந்தது. எங்கள் தோட்டத்தில் யார் யார் இரட்டை நூலில் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பீலியில் பெண்கள் வேறு காரணம் பேசிக்கொண்டார்கள். அம்மனுக்கு நம்ம தோட்டத்த விட்டுப் போக மனசில்ல, அதான் வாசல அடைச்சிட்டு நின்னுட்டா என்றார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் நான் நடந்ததை விளக்கினேன்.

"ஒங் கொழாய் வாய் அவ்ளோ சின்னதா புள்ள?"

"சின்னதா இருந்தாத்தான் சித்தப்பா மண்ணு தங்கும்."

"அப்ப நாங்க கேட்டப்ப வேணாம்னு சொல்லியிருக்கலாமே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அது அவருக்குப் புரியவில்லை.

அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினேன். சேர் கண்ணாடியை இறக்கிவிட்டு வாசித்தார்.

"மிதக்கும் குப்பை அடைச்சது எண்டு எழுதியிருக்கிறீர். என்ன குப்பை?"

நான் காகிதத்தைத் திருப்பி வாங்கி, குப்பை என்ற சொல்லை வெட்டிவிட்டு, பொருட்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்போது மிதவையைச் சுற்றி ஒரு கம்பிக் கூடு போட்டிருக்கிறோம்; இரண்டு கூடை மாலையை அது தாங்குமா என்று தெரியாது. கயிற்றைக் கரையில் இரும்பு வளையத்தில் பூட்டி, ஒரு சாவியை நான் வைத்திருக்கிறேன். கூட்டுக் கண்ணிகளில் பாசி பிடித்து அதுவும் ஒருநாள் அடைக்குமோ என்று வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

இந்த வருடமும் கொடியேறிவிட்டது. மூன்று நாளைக்கு முன் சித்தப்பா வந்தார். செருப்பைக் கழற்றினார்.

"இந்த வருசம் அம்மன எங்க புள்ள விடுறது?"

கிடங்கைத் தோண்டிப் பார்த்தார்களாம். ஓடையில் முன்பே கிடந்த தூள் வந்து ஒரு மழையில் மறுபடி தூர்ந்துவிட்டதாம். மாலைகளைத் தனியாக எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். அம்மனுக்குப் போட்டதை எப்படிப் புள்ள பிரிக்கிறது என்றார். திருவிழா முடியும்வரை மிதவையை மூடி வைத்து, பூக்களை அள்ளி முடிக்கும் முன் மழை வந்தால் குளம் வழியும். கரகத்தை லொறியில் ஏற்றிப் பெரிய ஆற்றுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் தோட்ட எல்லையைத் தாண்டிக் கரகம் போனதில்லை. ஒவ்வொரு வழியையும் நான் சொல்லச் சொல்ல அவரே பொறுமையாக அதை மூடினார்.

"படிச்ச புள்ள நீ. யோசிச்சுச் சொல்லு" என்றார். "இன்னும் எட்டு நாள் இருக்கு."

பிள்ளைக் காம்பரா குழாயில் நேற்றுக் காலை பிடித்த தண்ணீர் ஜன்னலில் இருக்கிறது. மகளுக்கு மூன்று வயதாகிவிட்டது. இப்போது அவள் போத்தலைக் குலுக்குவதில்லை. நாற்காலியில் ஏறி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னைப் போலவே முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்கிறாள்.

"தெளிஞ்சிருச்சாம்மா?"

"இன்னும் இல்ல."

எட்டு நாளில் மூன்று நாள் போய்விட்டது.